ஊஞ்சல் படம் போட்ட பொடி

சொல்லிவிட வேண்டியதுதான். எஸ்தர் அக்கா வேனில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்து முடித்ததும் சொல்லிவிட வேண்டியதுதான், அக்கா, அண்ணாச்சி உங்களை வந்த உடனே பார்க்கச் சொன்னார், அவ்வளவுதானே, இதைச் சொல்ல நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும், என்று வடிவு பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்தே தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு தடவையும் 'அண்ணாச்சி' என்று முதலாளி பேர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கம்பெனி வேனில் இப்போதைக்கு அவளும் டிரைவர் காஜா அண்ணனும்தான். முதல் ஆளாக ஏறுகிறவளுக்கு ஜன்னலோர சீட்டு, அதை ஒட்டிய சீட்டில் தினமும் கைப்பையை வைத்துப் பிடித்து வைப்பாள், அது எஸ்தர் அக்காவின் இடம், வேறு யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். இன்றைக்கும் பை அங்கேதான் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் அக்கா பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாளோ, சீ, என்ன புத்தி இது, எழுதினது நீ, கூப்பிடுவது அவளை, தகவல் சொல்லப் போவதும் நீ, இதில் சீட்டையும் பறிக்கப் பார்க்கிறாயா, நல்ல கூத்துதான் போ. "என்னம்மா வடிவு, பேச்சையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று காஜா அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, தூக்கம் பத்தல" என்றாள். அது பொய்யில்லை, சனிக்கிழமை ராத்திரியும் தூங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் தூங்கவில்லை.

பேர் சண்முகவடிவு, பொன்னூஞ்சல் மசாலா கம்பெனியில் கடிதப் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், அவள் ஒருத்திதான் அந்தப் பிரிவு. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி. மிளகாய்ப்பொடியில் காரம் போதவில்லை என்று கரூரிலிருந்து ஒருவர் எழுதுவார், காரம் தாங்கவில்லை என்று அதே மிளகாய்ப்பொடியைப் பற்றி சேலத்திலிருந்து இன்னொருவர் எழுதுவார், இரண்டு பேருக்கும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, தங்கள் மனநிறைவே எங்கள் பெருமை' என்று ஒரே பதிலை அனுப்ப வேண்டும். பகல் முழுக்க மேலான கருத்துக்கு நன்றி சொல்லிச் சொல்லி, வீட்டில் கணவன் முருகவேல் "குழம்புல உப்பு கம்மி" என்றால்கூட அவளுக்கு வாயில் அதுதான் வரப் பார்க்கும். அந்த எரிச்சலில்தான் வலைப்பூ ஆரம்பித்தாள் என்று சொல்லலாம், இல்லை, எரிச்சல் இல்லை, ஆசை, நம்மைச் சுற்றி இவ்வளவு பேர் இவ்வளவு அழகாகப் பேசுகிறார்களே, சண்டை போடுகிறார்களே, இதெல்லாம் காற்றோடு போகிறதே என்ற ஆசை. கறிவேப்பிலை என்று புனைபெயர் வைத்துக்கொண்டாள். காஜா அண்ணன் ஹாரன் அடிக்கிற விதத்தைப் பற்றி ஒரு பதிவு, பேக்கிங் குருவம்மா தும்முகிற விதத்தைப் பற்றி ஒரு பதிவு. படிக்கிறவர்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம். தோஹாவில் கிரேன் ஓட்டுகிற ஒரு பையன் மட்டும் விடாமல் பின்னூட்டம் போடுவான், 'அக்கா, பசிக்குது' என்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒரு வாரம் பறந்துகொண்டிருப்பாள். முருகவேல்தான் எச்சரித்தான், "எழுது எழுது, ஒரு நாளைக்கு உன் வேலைக்கு நீயே உலை வைக்கப் போற" என்று. "பேரே போடலையே, எப்படித் தெரியும்?" என்று இவள் எதிர்வாதம் பண்ணினாள். அடி மக்கு வடிவு, பேர் போடாவிட்டால் தெரியாதா, ஊரில் உனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறதா.

பேர் போடவில்லைதான். கம்பெனி பேரைப் போடவில்லை, ஊர் பேரைப் போடவில்லை, ஆனால் 'ஊஞ்சல் படம் போட்ட பொடி' என்று எழுதினாள். ஏன் எழுதினாள்? வேண்டாம் என்று புத்தி சொல்லத்தான் செய்தது, ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஊஞ்சல் வந்தால் அழகாக இருந்தது, அழகுக்காக எழுதினாள், அழகுக்கு ஆசைப்பட்டு இப்போது அனுபவிக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு மேஜையைப் பற்றிய பதிவு அது. கம்பெனியில் பெண்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டப்பாக்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள், மிளகாய் நெடியில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு அந்த அரைமணி நேரம்தான் திருவிழா. அங்கே ஒரு பெருமை உண்டு. என்னவென்றால், நாங்கள் பொடி விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறோம், ஆனால் கம்பெனிப் பொடியைத் தொட மாட்டோம், எங்கள் வீட்டுப் பொடிதான். குருவம்மாவுக்கு மாமியார் கைப்பக்குவம், இன்னொருத்திக்கு அம்மா வீட்டு அளவு, வடிவுக்கு அவளே வறுத்து மில்லில் கொடுத்துத் திரிப்பது. தீபாவளிக்கு அண்ணாச்சி ஆளுக்கொரு பெட்டி நிறையப் பொடி பாக்கெட் கொடுப்பார், வாசலிலேயே அதைப் பக்கத்து வீட்டுக்கும் நாத்தனாருக்கும் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். அந்த மேஜைக்கே ராணி எஸ்தர் அக்கா. அவள் சாம்பார் டப்பாவைத் திறந்தால் மற்ற டப்பாக்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான், ஆளுக்கொரு கரண்டி என்று வாரி விடுவார்கள், கடைசியில் அக்காவுக்கு வெறும் முருங்கைக்காய் சக்கைதான் மிஞ்சும். இதைத்தான் வடிவு எழுதினாள், அன்பாகத்தான் எழுதினாள், சத்தியமாக அன்பாகத்தான். அக்காவின் பேரைப் போடாமல் 'லேப் அக்கா' என்று எழுதினாள். தினமும் பொடியைக் கரைத்துக் குடித்துப் பார்த்து 'சுவை: நன்று' என்று கையெழுத்துப் போடுகிறவள் லேப் அக்கா. அங்கேதான் அந்த வரி வந்தது. 'நன்று என்று கையெழுத்துப் போடுகிற கை, தன் வீட்டுச் சாம்பாரில் அந்தப் பொடியைப் போடாது.' எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தாள். அதுவரைக்கும் அவள் எழுதியதிலேயே அதுதான் நல்ல வரி என்று நினைத்தாள்.

பதிவு அதோடு முடியவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். பின்பாதியில் எவ்வளவு எழுதியிருந்தாள். அதற்காக ஊஞ்சல் பொடி மட்டம் என்று அர்த்தமில்லை, ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக் குழம்பு ஆகாது, வீட்டில் வறுத்து அரைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறவர்களுக்கு எங்கள் பொடி வேண்டாம், ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் அது, மேன்ஷனில் தனியாகச் சமைக்கிற பையனுக்கும் பாலைவனத்தில் கிரேன் ஓட்டுகிற தம்பிக்கும் பக்கத்தில் அம்மா இல்லாத குறையை ஒரு ஸ்பூன் தீர்த்துவைக்கும் என்று தோஹா பையனை மனதில் வைத்து உருகி உருகி எழுதியிருந்தாள். எந்தப் புண்ணியவானோ முன்பாதியை மட்டும் வெட்டி வாட்சப்பில் விட்டுவிட்டான், 'ஊஞ்சல் கம்பெனி ஊழியரே சொல்லும் உண்மை' என்று மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு வேறு. சனிக்கிழமை காலையில் முதல் போன், சேலத்துப் பெண்மணி, "ஏம்மா, உங்க ஆபீஸ்லயே உங்க பொடியத் தொட மாட்டாங்களாமே, அப்ப எங்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்று கேட்டுவிட்டு, அவள் எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினாள், நிறுத்தி நிதானமாக, கையெழுத்துப் போடுகிற கை என்ற வரியை இரண்டு தரம். வடிவு காதில் ரிசீவரோடு உட்கார்ந்து, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்றாள். அன்றைக்குப் பூராவும் அதேதான். சாயங்காலம் மேனேஜர் வந்து, "அண்ணாச்சி கொதிச்சுப்போய்க் கிடக்காரு. லேப்ல நன்றுன்னு போடுறது எஸ்தரம்மாதான, திங்கட்கிழமை வந்ததும் நேரா ரூமுக்கு வரச் சொல்லிட்டாரு. இன்னிக்கு அவங்க லீவு. போன்ல சொல்லிராத வடிவு, நாளைக்குச் சர்ச்சுக்குப் போற மனுஷி, நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், திங்கக்கிழமை வேன்ல நீயே பக்குவமாச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், அவருக்கு என்ன தெரியும், யார் கையில் என்ன கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று. வீட்டுக்கு வந்த வேகத்தில் பதிவை அழித்தாள். தோஹா பையனின் பசியும் அதோடு சேர்ந்து அழிந்தது. ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்ததோ அழியவில்லை.

பரோட்டாக் கடை முக்கில் குருவம்மா ஏறினாள். ஏறும்போதே பேசிக்கொண்டுதான் ஏறுவாள், பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. "...நம்ம கூட ஒக்காந்து தின்னவதான் எவளோ எழுதியிருக்கா, இல்லேன்னா இம்புட்டு வெவரம் வெளியில இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? ஏ வடிவு, நீ பாத்தியா அந்த மெசேஜ்?" வடிவு ம் என்றாள். குருவம்மா முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பி, முழங்கையைச் சாய்மானத்தில் ஊன்றிக்கொண்டாள். "எவள்னு மட்டும் தெரியட்டும், கொண்டையைப் பிடிச்சுச் சுத்திருவேன். பாவம் எஸ்தரக்காவை இல்ல மாட்டி விட்டுட்டா. லேப் அக்காவாம்ல, லேப் அக்கா. எங்க அத்தை பொடியப் பத்தியும் எழுதியிருக்கா பாரு, 'மூக்கில் ஏறி மூளையில் உட்காரும் பொடி'ன்னு." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது சரியாத்தான் எழுதியிருக்கா சிறுக்கி. எங்க அத்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன், அதுக்கு வந்த சிரிப்பைப் பாக்கணுமே, எழுதுன பிள்ளைய ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்குது." வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. இந்தக் குருவம்மாவை எப்படி வெறுக்க முடியும், இவளிடமிருந்து எப்படி ஒளிந்துகொள்ள முடியும், நான்தான்டி அந்தச் சிறுக்கி என்று இப்போதே சொல்லிக் கொண்டையை நீட்டினால் என்ன, வலித்தாலும் பரவாயில்லை, முடிந்துவிடும். ஆனால் வாய் என்ன செய்தது தெரியுமா, "யாரா இருக்கும்?" என்று கேட்டது. கேட்டதும் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சர்ச் முக்கில் எஸ்தர் அக்கா நின்றுகொண்டிருந்தாள், அவளைக் கண்டதும் குருவம்மா அந்தப் பேச்சை விட்டுவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போதும் போல வேன் வருவதற்கு முன்பே வந்து நிற்கிறாள், எப்போதும் போல வெளிர் நீலச் சேலை, எப்போதும் போல டப்பாப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. வடிவு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா உட்கார்ந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், இப்போது, இப்போது சொல்லு, "என்னடி மொகம் இப்படி வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டுவிட்டாள், சாப்பிட்டேன்க்கா என்று இவள் சொல்லிவிட்டாள், நேரம் போய்விட்டது. அந்தக் கேள்விதான், அந்தச் சாப்பிட்டியாதான். வடிவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோடும் ஒட்டாமல் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து டப்பா மூடியை மறைத்துக்கொண்டு தின்றபோது, அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டி சாம்பாரைக் கொண்டுவந்து அவள் சோற்றில் ஊற்றிவிட்டுப் போனாள், அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வடிவு மேஜைக்கு நடுவில். அக்காவின் கணவர் ஜான் சாமுவேல் அண்ணன் இருந்த வரைக்கும் அக்கா லீவு போடாத வாரமே இருக்காது, அவருக்கு ஆஸ்பத்திரி, அவருக்குப் பத்தியம். அவர் போன பிறகு அக்கா லீவே போடுவதில்லை, சனிக்கிழமை போட்டதுகூடக் கல்லறைக்குப் பூ வைக்க. பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, ஒன்றுமில்லாததை எல்லாம் பேசிவிட்டு, "சரி, நாளைக்குத்தான் வந்துருவமே" என்று வைப்பாள். நேற்றும் பண்ணினாள். வடிவு எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, வெளிச்சம் மினுங்கும் போனை வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா.

ரயில்வே கேட் மூடியிருந்தது. காஜா அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினார், குருவம்மா வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போகிறேன் என்று அவர் பின்னாலேயே இறங்கினாள். வேனுக்குள் வெயில் மட்டும் இருந்தது, எஸ்தர் அக்கா இருந்தாள், வடிவு இருந்தாள். ரயில் வரட்டும், ரயில் போன பிறகு சொல்லலாம், ரயில் சத்தத்தில் சொன்னால் காதில் விழாது, இல்லை, ரயில் சத்தத்தோடு சொல்லிவிட்டால் நல்லது, பாதி விழும் பாதி விழாது, பாதி விழுந்துதானே இவ்வளவும், முழுசாகச் சொல்லு, தகவலை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடு, அக்கா போய் நிற்பாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்பாள், அண்ணாச்சி நல்ல மனுஷன், விட்டுவிடுவார், விடாவிட்டால்? நன்று என்று பொய்க் கையெழுத்துப் போட்டியா என்று கேட்பாரே, லேப்பை விட்டு எடுத்துவிட்டால், வேலையை விட்டே எடுத்துவிட்டால், அக்காவுக்கு வேறு என்ன இருக்கிறது, அந்த லேப்பும் மத்தியான மேஜையும் இந்த சீட்டும்தானே, அந்த வீட்டில் போய் நாள் முழுக்க யாரிடம் சாப்பிட்டியா என்று கேட்பாள். "அக்கா" என்றாள். "என்னடி." "அண்ணாச்சி உங்களை வந்ததும் பார்க்கச் சொன்னாரு." "எதுக்கு?" அதற்கு மேல் அணை உடைந்த மாதிரிதான், நான்தான்க்கா, நான்தான் எழுதினேன், கறிவேப்பிலைங்கிற பேர்ல, அன்பாத்தான்க்கா எழுதினேன், பாதியை வெட்டிட்டாங்க, லேப் அக்கான்னு உங்களைத்தான், உங்க சாம்பாரை, நம்ம பொடியப் போட மாட்டீங்கன்னு, கையெழுத்துப் போடுற கைன்னு ஒரு வரி, என்று மூக்கு ஒழுக ஒழுக எல்லாவற்றையும் கொட்டினாள். நேத்து போன் எடுக்காததையும் சேர்த்துச் சொன்னாள். ரயில் வந்தது, பெட்டி பெட்டியாகப் போனது, எஸ்தர் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரியச் சொல்லு" என்றாள் அக்கா, ரயில் போன பிறகு. வடிவு சொன்னாள். எழுதின அன்றைக்குப் பெருமையாக இருந்த வரி இப்போது வாயில் கசந்தது. அக்கா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. டப்பாப் பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "தப்பா எழுதிட்டியே வடிவு" என்றாள். "தப்புதான்க்கா, தெரியும்க்கா." "அதில்லடி." அக்கா வெளியே பார்த்தாள், காஜா அண்ணன் இன்னும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது நம்ம பொடிதான்டி." வடிவுக்கு முதலில் ஏறவில்லை. "எது, அக்கா?" "என் சாம்பார். நீங்க அள்ளி அள்ளித் திங்கிறீங்களே, அது நம்ம கம்பெனிப் பொடிதான். அவர் போனதுக்கப்புறம் நான் வீட்டுல வறுக்கிறதும் இல்ல, திரிக்கிறதும் இல்ல. ஒத்த ஆளுக்கு எவடி மல்லி வறுப்பா? வறுத்தா வாசம் வருதுல்ல, அந்த வாசத்துக்கு அவரு அடுப்படிக்கு வந்து நிப்பாரு." முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "பாக்கெட்டைப் பிரிச்சுப் பழைய பாட்டில்ல கொட்டி வச்சுக்குவேன். மேஜையில எல்லாரும் எங்க அத்தை பொடி, எங்கம்மா பொடிங்கிறப்ப நான் மட்டும் பாக்கெட்டுன்னு எப்படிச் சொல்ல? பக்குவம் கேட்டீங்க, மாமியா சொல்லிக்குடுத்தது, வாயால சொல்ல வராதுன்னேன். உள்ளூர்க் கடையில வாங்கினா யாராவது பார்த்துருவாங்கன்னு மதுரைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறப்பதான் வாங்கிட்டு வருவேன்." "அப்ப அந்தத் தீபாவளிப் பெட்டி, அக்கா? காஜா அண்ணன்கிட்டக் குடுத்துட்டீங்களே, எல்லாரும் பார்த்தோமே." "பார்க்கத்தானடி குடுத்தேன்" என்றாள் அக்கா. அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது, வந்த வழியிலேயே கண்ணீராகத் திரும்பியது. "நான் நன்றுன்னு போடுறது பொய்யில்ல வடிவு. நல்லா இருக்குன்னுதான் போடுறேன்."

குருவம்மா ஏறினாள், காஜா அண்ணன் ஏறினார், கேட் தூக்கிக்கொண்டது. வெள்ளரிப்பிஞ்சு கைக்குக் கை வந்தது, அக்கா ஒன்றை உடைத்துப் பாதியை வடிவிடம் கொடுத்தாள், எல்லாம் எப்போதும் போல. வடிவு அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பாலைவனத்துத் தம்பிக்காக உருகினாயே, மேன்ஷன் பையனுக்காக உருகினாயே, வறுத்துக் கொடுக்க ஆளில்லாத மனுஷி தினமும் உன் தோளை இடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள், உன் சோற்றில் ஊற்றினாளே, நீ வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றாயே, எல்லாம் பார்க்கிற கண்ணாம், பெரிய எழுத்துக்காரியாம், தூ. வேன் சாத்தூர் ரோட்டில் வேகம் எடுத்தது. அப்போதுதான் அந்தக் கேடுகெட்ட சங்கதி நடந்தது. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே மண்டைக்குள் ஒரு வாக்கியம் எழுந்து நின்றது, முழுசாக, தலை வாரிப் பொட்டு வைத்து, 'எங்கள் மேஜையின் ராணி பத்து வீட்டுப் பொடியைத் தோற்கடித்தது எங்கள் கம்பெனிப் பாக்கெட்டை வைத்துத்தான்.' எப்பேர்ப்பட்ட கதை! இதை எழுதினால் அண்ணாச்சி கோபம் போய்விடும், சேலத்துப் பெண்மணி வாயை மூடிக்கொள்வாள், அக்காவின் கையெழுத்து மெய்யாகிவிடும், வேலையும் நிற்கும், தோஹா பையன் குதிப்பான், எல்லாருக்கும் நல்லதுதானே, எல்லாருக்கும். எஸ்தர் அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடுவது வெளியே தெரிந்ததோ என்னவோ. "இதை மட்டும் எழுதிராதடி" என்றாள் மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லிராத. வேலை போனாக்கூடப் பரவாயில்ல. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா நான் அந்த மேஜையில எந்த மூஞ்சியோட ஒக்காருவேன்?" முன் சீட்டிலிருந்து குருவம்மா திரும்பி, "என்னக்கா ரகசியம், எங்களுக்கும் சொல்றது" என்றாள். "ஒண்ணுமில்லடி, உங்க அத்தை பொடியப் பத்தித்தான்" என்றாள் அக்கா. குருவம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

கம்பெனி வாசலில் இறங்கியதும் அக்கா நேரே அண்ணாச்சி ரூம் பக்கம் நடந்தாள். வடிவு ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "நீங்க லேப்புக்குப் போங்கக்கா" என்றாள். "என்னைத்தானடி கூப்பிட்டாரு." "போங்கன்னா போங்க" என்று கிட்டத்தட்ட அதட்டினாள், வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவை அதட்டினாள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சி விபூதிப் பட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, முன்னால் ஒரு பாக்கெட் சாம்பார்ப்பொடியை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எஸ்தர வரச் சொன்னா நீ வந்து நிக்கிற?" "எழுதினது நான் அண்ணாச்சி" என்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் நம்பாமல் பார்த்தார். "நீயா? லெட்டர்ல அம்புட்டுப் பணிவா எழுதுற பிள்ள, நீயா?" "நான்தான். அக்காவுக்கு எதுவும் தெரியாது. அக்காவைப் பத்தி எழுதினது தப்பு அண்ணாச்சி. அவங்க கையெழுத்துல பொய் கிடையாது." அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். யோசிக்கிறபோது அவருக்கு முகம் சின்னப் பையன் மாதிரி ஆகிவிடும், அதைப் பற்றிக்கூட ஒரு பதிவு எழுத வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். "இந்தா பாரு" என்றார், கோபம் இறங்கி, வியாபாரம் ஏறிய குரலில், "எங்க அப்பா கையால கலந்த அளவும்மா இது. ஊரு பூராச் சிரிக்குது. தப்புன்னு சொல்றேல்ல, அப்ப எது சரி? அந்தம்மா நம்ம பொடிதான் போடுதா? போடுதுன்னா போடுதுன்னு எழுது. எந்தக் கையால எழுதினியோ அந்தக் கையாலயே எழுதிக் குடு, அந்தம்மா படத்தோட ஊரெல்லாம் ஒட்டிருவோம். உன் வேலைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா மேனேஜர்கிட்டச் சொல்லி இன்னிக்கே கணக்க முடிச்சுட்டுக் கிளம்பு. பக்கத்துல ஒக்காந்து தின்னவ நீ, உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு, அந்தம்மா என்ன பொடி போடுது?" வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது, ஒரு எழுத்துக் குறையாமல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேப்பில் எஸ்தர் அக்கா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல், அன்றைக்கு அரைத்த பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள் வடிவு.